கஷ்டமான பேச்சை பேசி பழகினது: ரெண்டே முக்கால் வருஷ அனுபவம்

இதை ஆரம்பிச்ச முதல் மாசமே எழுதியிருந்தா "சூப்பரா வொர்க் ஆகுது, எல்லாரும் பண்ணுங்க"ன்னு எழுதியிருப்பேன், ஆறாவது மாசம் எழுதியிருந்தா "பொறந்த குணம் மாறவே மாறாது"ன்னு எழுதியிருப்பேன். இப்ப ரெண்டே முக்கால் வருஷம் ஆச்சு, இனிமே எழுதலாம்னு தோணுது.

நான் எப்படிப்பட்ட ஆளுன்னு முதல்ல சொல்லிடறேன். ஒருத்தர்கிட்ட பிடிக்காத விஷயம் எதாவது சொல்லணும்னா மென்னு முழுங்குவேன். கொடுத்த காசை திருப்பி கேக்க மாட்டேன், என் வேலையை இன்னொருத்தர் தன்னோடதுன்னு மீட்டிங்ல சொன்னா பேசாம உக்காந்திருப்பேன், முடியாதுன்னு சொல்ல வேண்டிய இடத்துல "பாக்கலாம்"னு சொல்லிட்டு ராத்திரி பூரா புரண்டு படுப்பேன். எல்லாத்தையும் சேத்து சேத்து வச்சு என்னைக்காவது ஒரு நாள் சம்பந்தமே இல்லாத சின்ன விஷயத்துல வெடிக்கறது.

அப்படி கடைசியா வெடிச்சது அக்காகிட்ட. அப்பா ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல இருந்தப்ப மூணு மாசம் ராத்திரி நான்தான் கூட இருந்தேன், அக்கா வாரக் கடைசில வந்துட்டு போவா. நீயும் வான்னு ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல. ஒரு நாள் வந்தவ "மாத்திரை டப்பா ஏன் இங்க இருக்கு"ன்னு சாதாரணமாதான் கேட்டா, நான் போட்ட சத்தத்துல தூங்கிட்டு இருந்த அப்பா எழுந்து உக்காந்துட்டார். அக்கா நாலு மாசம் என்கூட பேசல. அதுக்கப்பறம்தான் ஒரு நோட்டு வாங்கினேன்.

நான் பண்ணது ரொம்ப சிம்பிள். தினமும் படுக்கறதுக்கு முன்னாடி, இன்னைக்கு யார்கிட்ட என்ன சொல்லணும்னு இருந்து சொல்லாம விட்டேன்னு ஒண்ணே ஒண்ணு எழுதுவேன். அதுக்கு முதல் வரி மட்டும் எழுதுவேன். எழுதினதை வாய்விட்டு சொல்லுவேன். அவ்வளவுதான், மொத்தம் அஞ்சு நிமிஷம். மறுநாள் இருக்கறதுலயே சின்ன விஷயம் எதுவோ அதை நிஜமா சொல்லிடுவேன். "நான் பேசி முடிச்சுக்கறேன்"ங்கற மாதிரி, "போன் ஸ்பீக்கரை கொஞ்சம் குறைச்சுக்கோங்க"ங்கற மாதிரி. பெரிய விஷயத்தை கைவைக்கவே இல்ல முதல் நாலு மாசம். ரொம்ப பேர் நேரா பெரிய பேச்சுலயே ப்ராக்டிஸ் பண்ண போறாங்க, அதுல நாக்கு ஒட்டிக்கிட்டு "நமக்கு வராது"ன்னு விட்டுடறாங்க, நானும் முன்னாடி ரெண்டு தடவை அப்படி விட்டிருக்கேன்.

ஏன் முதல் வரி மட்டும்னு கேட்டா, ஜான் காட்மன்னு தம்பதிங்க சண்டையை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர் ஒருத்தர். புதுசா கல்யாணம் ஆன 124 ஜோடிய வச்சு பண்ண அவரோட ஆராய்ச்சி 1999-ல வந்தது. வாக்குவாதத்தோட முதல் மூணு நிமிஷம் எப்படி போகுதுன்னு பாத்தே எந்த ஜோடி பின்னாடி பிரியும்னு ஓரளவு கணிக்க முடிஞ்சதாம். ஆரம்பம் குத்தலா இருந்தா பேச்சு அப்படியே போய் முடியுது. இதை படிச்சப்ப எனக்கு மாத்திரை டப்பாதான் ஞாபகம் வந்தது.

சரி, முதல் வரி எப்படி இருக்கணும்? தாமஸ் கார்டன்ங்கற அமெரிக்க உளவியலாளர் சொல்லிக்கொடுத்த வழி ஒண்ணு எல்லா இடத்துலயும் சொல்லுவாங்க, "நீ"ன்னு குத்தம் சொல்றதுக்கு பதிலா "நான்"ல ஆரம்பின்னு. அதை அப்படியே தமிழ்ல போட்டு "நான் வருத்தமாக உணர்கிறேன்"னு எழுதி பாத்தேன், வீட்ல யாராவது அப்படி பேசுவாங்களா? "எனக்கு கஷ்டமா இருக்கு", "எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு", இதுதான் நம்ம வாயில வரும், இது போதும். நோட்டை திருப்பி பாக்கறப்ப இன்னொண்ணும் தெரிஞ்சுது, நான் குத்தி காட்டறது முழுக்க "தானே"லயும் "கூட"லயும் "எப்பவுமே"லயும் இருக்கு. "நீதானே சொன்ன." "ஒரு போன் கூட பண்ணல." அந்த ஒரு சொல்லை எடுத்துட்டு படிச்சா மிச்சம் இருக்கறது சும்மா நடந்த விஷயம், யாருக்கும் கோபம் வராது. எழுதின வரில அந்த மூணு சொல்லை மட்டும் தேடி அடிக்கறது இன்னைக்கும் பண்றேன்.

அடுத்து வாய்ஸ் ரெக்கார்டர். இதை தயவுசெஞ்சு பண்ணுங்க. தமிழ்ல வினை கடைசிலதான் வருது, "முடியாது", "வேண்டாம்", "திருப்பி கொடுத்துடுங்க" எல்லாமே வரியோட முடிவுல. என் குரலை கேட்டா அந்த கடைசி சொல் வர்றப்ப சத்தம் அப்படியே அமுங்குது. முக்கியமான சொல்லைத்தான் முழுங்கிட்டு இருந்திருக்கேன் இத்தனை வருஷமா! கடைசி சொல்லை முழுசா சொல்லி முடிக்கறதுக்கே ரெண்டு மாசம் தனியா பழகினேன்.

ஆனா எல்லாத்தையும் விட கஷ்டமா இருந்தது சொன்னதுக்கு அப்பறம் சும்மா இருக்கறது. சொல்லிடுவேன், எதிர்ல ஒரு செகண்ட் பதில் வரலன்னா உடனே "முடியலன்னா பரவால்ல, விடுங்க"ன்னு நானே சேத்துடுவேன். கேட்டதையும் கேட்டு அதை நானே தண்ணி ஊத்தி அணைச்சிடறது. இதுக்கு பீட்டர் கோல்விட்சர்ங்கற உளவியல் பேராசிரியர் சொன்ன வழி உதவுச்சு, "இப்படி ஆனா அப்படி பண்ணுவேன்"னு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சுக்கறது. நான் வச்சுக்கிட்டது: சொல்லி முடிச்சதும் ரெண்டு பாதத்தையும் தரைல அழுத்தி, எதிர்ல இருக்கறவர் வாய் திறக்கற வரைக்கும் நான் திறக்க மாட்டேன். இது பழக்கமாக கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு.

ஆறாவது மாசம் வெறுத்து போனேன்னு சொன்னேன்ல, அதுக்கு காரணம் 21 நாள் பண்ணா எதுவும் பழக்கமாயிடும்னு எல்லாரும் சொல்ற அந்த கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனிச்சு 2010-ல வெளியிட்டதை அப்பறமாதான் படிச்சேன். ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஆக நடுவாந்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆகலாம்னு கணக்கு போட்டு மதிப்பிட்டிருக்காங்க. நடுவுல ஒரு நாள் விட்டா பெருசா பாதிக்கலையாம். அதுவும் அவங்க பாத்தது சாப்பாடு, தண்ணி குடிக்கறது, உடற்பயிற்சி மாதிரி தினமும் செய்யற விஷயம். கஷ்டமான பேச்சு தினமும் வராது, வர்றப்ப நெஞ்சு படபடன்னு அடிக்கும். அதனால இதுக்கு இன்னும் நாள் ஆகத்தான் செய்யும்னு மனசு சமாதானம் ஆச்சு, விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தேன்.

பழக்கமாயிடுச்சுன்னு எனக்கு தெரிஞ்சது பதினாலாவது மாசம். ஆபீஸ்ல மேனேஜர் கூப்பிட்டு மூணாவதா ஒரு வேலை கொடுத்தார். "சார், ரெண்டு வேலை கைல இருக்கு, இதையும் எடுத்தா மூணுமே வெள்ளிக்கிழமை முடியாது, எதை தள்ளி வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க"ன்னேன். நிறுத்திட்டேன். அவர் ஸ்க்ரீனை பாத்தார், பேனா மூடியை கழட்டினார், மாட்டினார், திரும்ப கழட்டினார். "சரி, ரிப்போர்ட்டை அடுத்த வாரம் பாத்துக்கலாம்." சீட்டுக்கு வந்து உக்காந்த அப்பறம்தான் உறைச்சுது, இதை நான் எழுதி பாக்கவே இல்ல, முடியாதுங்கற சொல் முழுசா வந்திருக்கு, பாதம் ரெண்டும் தரைல அழுந்தி இருந்திருக்கு.

வொர்க் ஆகாததையும் சொல்லணும். முழு பேச்சையும் வசனம் மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு போனது வீண், எதிர்ல இருக்கறவங்க ரெண்டாவது வரியே வேற பேசுவாங்க. முதல்ல பாராட்டு, நடுவுல குறை, கடைசில பாராட்டுன்னு சொல்றதும் எனக்கு சரிப்படல, டீம்ல ஒரு தம்பிகிட்ட அப்படி சொன்னதுல அவன் பாராட்டை மட்டும் எடுத்துட்டு சந்தோஷமா போயிட்டான், அடுத்த வாரமும் அதே தப்பு. ஃப்ரெண்டை எதிர்ல உக்கார வச்சு பேசி பாத்தது முதல்ல உதவல, ஏன்னா அவ உடனே "சரி சரி"ன்னு ஒத்துக்குவா. "நீயும்தானே அன்னைக்கு அப்படி பண்ண"ன்னு திருப்பி அடி, இல்லன்னா அழு, இல்லன்னா பேசாம இருன்னு சொல்லி வச்ச அப்பறம்தான் பிரயோஜனமா இருந்தது. கோபம் தலைக்கேறிட்டா நிறுத்திட்டு குறைஞ்சது 20 நிமிஷம் விலகி இருங்கன்னு காட்மன் சொல்றார், அது உண்மை, ஆனா "அரை மணி நேரத்துல வந்து பேசறேன்"னு நேரம் சொல்லிட்டு எழுந்திருக்கணும், சொல்லாம எழுந்தா அது மூஞ்சிய தூக்கிட்டு போறதுதான். அடிக்கறவங்க, மிரட்டறவங்ககிட்ட இதெல்லாம் பண்ணி பாக்காதீங்க, அங்க முதல்ல நம்ம பாதுகாப்பு.

இழந்ததும் உண்டு. கொடுத்த காசை கேட்ட அப்பறம் ஒரு ஃப்ரெண்ட் போன் எடுக்கறதில்ல. அது இன்னும் வலிக்குது.

போன வருஷம் அப்பாவுக்கு திரும்ப முடியாம போச்சு. முதல் நாளே அக்காவுக்கு போன் பண்ணி "அக்கா, இந்த வாரம் ராத்திரி நான் இருக்கேன், அடுத்த வாரம் நீ இருக்கணும்"னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. "பரவால்ல"ங்கற சொல் தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, உதட்டை கடிச்சுட்டு இருந்தேன். "ராத்திரி முழிச்சா எனக்கு தலைவலி வந்துடும்டி, பகல் பூரா நான் பாத்துக்கறேன், அந்த நேரம் நீ தூங்கு"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கே இதை கேட்டிருக்கலாமே, உனக்கு நான் வந்து நடுவுல நிக்கறது பிடிக்கலைன்னு நினைச்சேன்"னா.

அப்பாகிட்ட மட்டும் இன்னும் வரல. நோட்டுல அவருக்கான வரி பதினோரு தடவை எழுதி அடிச்சிருக்கேன். இந்த வாரம் இருக்கறது இது: "அப்பா, இருட்டினப்பறம் நீங்க வண்டி எடுக்க வேண்டாம், எனக்கு பயமா இருக்கு." சத்தமா நாலு தடவை சொல்லி பாத்தாச்சு, "வேண்டாம்" இன்னும் கொஞ்சம் அமுங்குது. ஞாயித்துக்கிழமை சொல்றதா இருக்கேன்.