நெல்லையில் ஆய்வு செய்வோருக்கு நூலகமும் மின்வளங்களும்: ஓர் அனுபவப் பகிர்வு

தாமிரபரணிப் பாசன வரலாற்றில் ஆய்வு செய்பவன் என்ற முறையில், அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் நூலகத்தையும், பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் மின்வளங்களையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக ஆய்வில் சேரும் மாணவர்களுக்கு இவற்றுள் எது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு மிகுதியாகப் பயன்பட்டது பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியமே. இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் அதில் இயல் இயலாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பலர் தலைப்பையும் முடிவுரையையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் ஓர் ஆய்வேட்டின் உண்மையான செல்வம் அதன் துணைநூற்பட்டியலில்தான் இருக்கிறது. கன்னடியன், மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளைப் பற்றி எந்த அரசாணையை, எந்த ஆண்டின் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளை முந்தைய ஆய்வாளர்கள் பார்த்தார்கள் என்பது அங்கேதான் தெரியவரும். அதே நேரத்தில், ஆய்வேட்டில் உள்ள மேற்கோளை அப்படியே எடுத்தாளாமல், மூல ஆவணத்தைத் தேடிப் படித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒருவர் தவறாகக் குறித்த ஆண்டு அடுத்தடுத்த ஏடுகளிலும் அப்படியே தொடர்ந்துவிடும்.

தமிழ் ஆய்வேடுகளைத் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஏடுகள் பல யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சானவை என்பதால், கோப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது. ‘இல்லை’ என்று முடிவுகட்டாமல் பொருளடக்கத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்ப்பதே ஒரே வழி. தலைப்புகளும் பல இடங்களில் ஆங்கில எழுத்தில் பலவாறாகப் பதிவாகியிருப்பதால், ஊர்ப்பெயரையும் ஆற்றின் பெயரையும் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேட வேண்டும். ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களுக்கு திருநெல்வேலியை அவர்கள் எழுதிய ‘டின்னவெல்லி’ என்ற பழைய வடிவம் இன்றியமையாதது. தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே அவ்வூர்களின் பழைய செய்திகளைத் திருநெல்வேலியின் கீழ்தான் தேட வேண்டும்.

கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும், ஆங்கிலேய அதிகாரி பேட் தொகுத்து 1917-இல் வந்த மாவட்ட விவரத் தொகுப்பான கெசட்டியரும் தொடக்கத்திலேயே படிக்க வேண்டியவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் ஏராளமாக உள்ளன.

ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்கள் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் வழங்கும் என்-லிஸ்ட் திட்டம் பற்றித் தங்கள் நூலகரிடம் விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்து படிப்பதற்கான கணக்கையும் அவரிடமே கேட்டுப் பெறலாம். நூலகரைக் கதவைத் திறந்து மூடுபவராக மட்டும் எண்ணும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அவர் சில நிமிடங்களில் காட்டிய வழி எனக்குப் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அடுக்குகளுக்கிடையே நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் அருகருகே இருப்பதால், தேடிப்போன நூலுக்குப் பக்கத்தில் நீங்கள் பெயரே அறியாத நூல் நிற்கக்கூடும். குறிப்பெடுக்கும்போதே நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண் ஆகியவற்றைச் சொடேரோ போன்ற இலவச மென்பொருளில் பதிந்துவிட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைத்தான் தண்டனையின்றி ஏற்கின்றன. எனவே எது பிறருடைய வாசகம், எது நம்முடையது என்பது முதல் நாளிலிருந்தே குறிப்பேட்டில் பிரிந்து கிடக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் மூல ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன்பே துறைத்தலைவரின் அறிமுகக் கடிதமும், துறை, அரசாணை எண், நாள் ஆகியவற்றை வரிசைப்படுத்திய பட்டியலும் கையில் இருக்கட்டும்.