ஸ்பானிஷ் இலக்கணம்: வீட்டு வாக்கியங்களை வைத்துப் படித்த அனுபவம்

வேலை விஷயமாக மெக்சிகோக்காரர்களோடு பேச வேண்டியிருந்தது. அதற்காகப் பாளையங்கோட்டையில் வீட்டில் இருந்தபடியே ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றாடம் பேசுகிற சின்ன வாக்கியங்களை நோட்டில் எழுதி, அதிலிருந்தே இலக்கணத்தைப் பிடிக்கிற முறை. செல்போன் செயலியும் வைத்திருக்கிறேன், சொற்களுக்கு அது போதும். ஆனால் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகவே சொல்லித் தருகிறது. நமக்கு அது சுற்றுவழி.

'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் அந்த 'மே'யில் தடுக்கி விழுவார்கள். நமக்கு 'எனக்கு' பழகின சங்கதி. வினைமுற்றும் அப்படித்தான். அப்லோ, அப்லாஸ், அப்லா, அப்லாமோஸ் என்பதைப் பேசுதேன், பேசுத, பேசுதான், பேசுதோம் என்று நம்மூர்ப் பேச்சோடு சேர்த்துச் சொன்னேன், ஒட்டிக்கொண்டது. (உள்ளேயிருந்து ஆச்சி "யாருகிட்டல பேசுத?" என்பாள்.) அவனா அவளா என்பது மட்டும் 'அப்லா'வில் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஆ' என்கிற சின்னச் சொல். 'வெயோ உனா பெலிகுலா', படம் பார்க்கிறேன். 'வெயோ ஆ மி எர்மானோ', அண்ணனைப் பார்க்கிறேன். நாமும் 'படம் பார்த்தேன்' என்போம், 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். ஆளுக்கு 'ஐ' கட்டாயம். உயர்திணைக்கு அங்கேயும் தனி கவனிப்பு! 'படத்தைப் பார்த்தேன்' என்றாலும் அங்கே 'ஆ' வராது, அது ஒரு வித்தியாசம்.

'இரு' என்கிற வினைக்கு அங்கே இரண்டு சொல்: ஸெர் (சோய், எஸ் என்று மாறும்), எஸ்தார் (எஸ்தா என்று மாறும்). இவை இரண்டும்தான் தலைவலி. நிரந்தரத்துக்கு ஸெர், தற்காலிகத்துக்கு எஸ்தார் என்று பல பாடங்களில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். நெல்லையப்பர் கோயில் டவுனில் இருக்கிறது என்று சொல்ல 'எஸ்தா'தான் வரும். கோயில் எங்கே நகரப் போகிறது? செத்தவனுக்கும் 'எஸ்தா முவெர்தோ'தான். எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்றால் எஸ்தார். யார், எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்றால் ஸெர்: 'சோய் தெ திருநெல்வேலி', எனக்கு ஊர் திருநெல்வேலி. 'எஸ் அபுர்ரீதோ' என்றால் ஆளே அறுவை. 'எஸ்தா அபுர்ரீதோ' என்றால் பாவம், அவருக்குப் போரடிக்கிறது.

பால் விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது. கை பெண்பால், லா மானோ. நாள் ஆண்பால், எல் தீயா. தண்ணீர் பெண்பால்தான், ஆனாலும் 'எல் ஆகுவா ஃப்ரீயா'. சொல் அழுத்தமான 'ஆ'வில் தொடங்குவதால் முன்னால் ஆண்பாலுக்கு வருகிற 'எல்', பின்னால் வருகிற அடைமொழி 'ஃப்ரீயா' (குளிர்ந்த) பெண்பால். சொல்லை எழுதும்போதே எல், லா சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

இறந்தகாலம் வந்ததும் தனி வாக்கியங்கள் போதவில்லை. 'நேற்று ஆற்றுக்குப் போனோம்' என்றால் ஃபுய்மோஸ். 'சின்ன வயசில் ஆற்றுக்குக் குளிக்கப் போவோம்' என்றால் இபாமோஸ். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே இறந்தகால வடிவம் வந்துவிடலாம், தமிழ்க்காரருக்குப் போனோம், போவோம் என்று காதிலேயே பிரிந்துவிடும். ஆனாலும் நாலைந்து வரி சேர்த்துக் கதையாக எழுதினால்தான் எது எங்கே என்று கை தானாகப் போகிறது. இப்போது நோட்டில் அப்படித்தான் எழுதுகிறேன்.

பேசுவதற்கு இந்த முறை தாராளமாகப் போதும். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துகிற டெலே என்கிற ஸ்பானிஷ் மொழித் திறன் தேர்வு எழுதப் போகிறவர்கள் வினை அட்டவணையைத் தனியாக உருப்போட்டே ஆக வேண்டும்.