சோயா மஞ்சள் தேமல்: எலிசாவா, பிசிஆரா?

சோயா வயலில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுகளைப் பார்த்ததும் மஞ்சள் தேமல் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி சீராக வெளுக்கும். தேமலில் மஞ்சளும் பச்சையும் தாறுமாறாகக் கலந்திருக்கும். நுனிக்கொழுந்து பழுத்துக் கருகினால் இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் வைரஸையும் நினைக்க வேண்டும். கண்ணால் ஆகக்கூடியது அவ்வளவுதான். தேமலுக்குப் பின்னால் எந்த வைரஸ் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருளால் வைரஸின் புரதத்தைப் பிடிப்பது எலிசா, வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்ப்பது பிசிஆர். அதில் எங்கள் சாய்வு பிசிஆர் பக்கம்.

எலிசாவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஒரே தட்டில் 96 குழிகள், மலிவான செலவு, ஒரு கிராம் இலையை 10 மில்லி கரைசலில் அரைத்தால் போதும். 405 நானோமீட்டரில் படித்து, நலமான இலையின் சராசரியைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் 'உண்டு' என்பது வழக்கம். அந்த நலமான இலை அதே ரகத்தினுடையதாக இருக்கட்டும். வேறு ரகத்து இலையை வைத்தால் அடிப்படை நிறமே மாறி, கணக்கு தடுமாறும்.

ஆனால் தீர்மானிக்கும் விஷயம் வேறு. இந்தியாவில் சோயாவின் மஞ்சள் தேமலுக்குக் காரணமான முக்கிய வைரஸ்கள் இரண்டு: பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ், பாசிப்பயறு மஞ்சள் தேமல் இந்தியா வைரஸ். இரண்டையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது, அறிகுறியும் ஒன்றே. எலிசாவின் எதிர்ப்பொருள் பிடிப்பது வைரஸைப் போர்த்தியிருக்கும் உறைப் புரதத்தை. இவ்விரண்டும் அடங்கிய பெகோமோவைரஸ் கூட்டத்தில் அது ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்திருக்கும். ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸுக்காக உருவாக்கிய எதிர்ப்பொருள்களில் சில, இந்திய வைரஸ்களோடும் ஒட்டிக்கொள்ளும்! குடும்பப் பெயரைச் சொல்லும் எலிசா ஆளின் பெயரைச் சொல்லாது. நோய் தாங்கும் ரகம் தேடுபவருக்கு ஆளின் பெயர்தான் வேண்டும். ஓரிடத்தில் தாங்கிய ரகம் இன்னோரிடத்தில் மஞ்சளாவதற்கு வைரஸ் மாறியிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

பிசிஆருக்கு இங்கே ஒரு சலுகையும் உண்டு: இவை டிஎன்ஏ வைரஸ்கள். ஆர்என்ஏ கெட்டுவிடுமே என்ற பதற்றம் இல்லை. அறிகுறி தெரியும் இளம் இலையில் 100 மில்லிகிராம் எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில் அரைத்து, 65 டிகிரியில் அரை மணி வைத்து, குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹாலால் (24:1) சுத்தம் செய்து, ஐசோபுரோப்பனாலால் வீழ்த்தினால் போதும். இரண்டு வைரஸுக்கும் தனித்தனி பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து ஓட்டினால் கலப்புத் தொற்றும் தெரியும். சந்தேகமானால் ஃபை29 நொதியால் வட்ட டிஎன்ஏவைப் பெருக்கி, ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டி, சுமார் 2.7 கிலோபேஸ் துண்டை வரிசைப்படுத்தலாம். வைரஸின் இரு டிஎன்ஏ பகுதிகளில் ஒன்றான டிஎன்ஏ-ஏ முழுவதும், ஏற்கெனவே அறிந்த வைரஸோடு 91 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே இனம்.

பிசிஆர் ஏமாற்றும் இடம் 'இல்லை' என்ற விடை. சோயா இலையின் பீனாலும் பிசுபிசுப்பான சர்க்கரைகளும் நொதியை முடக்கும். வைரஸ் இருந்தும், பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பட்டை ஜெல்லில் வராது. அரைக்கும்போதே பீனாலின் தொல்லையைக் குறைக்கும் பிவிபி, மெர்காப்டோஎத்தனால் ஆகியவற்றைச் சேர்ப்பது முதல் காப்பு. செடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே பெருக்க வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். எதிர்ப்பக்கத் தொல்லை கலப்படம்: பெருக்கிய கரைசலைத் திறக்கும் மேசையில் புதுக் கலவை தயாரித்தால், தண்ணீர் மட்டும் வைத்த குழாயிலும் பட்டை வரும். அறையும் பைப்பெட்டும் தனியாக இருப்பது இதனால்தான்.

வயலோரத்தில் பார்க்கும் சோதனைப் பட்டைகள் வசதிதான். ஆனால் எதிர்ப்பொருளை நம்பும் பட்டைக்கும் எலிசாவின் அதே குறை உண்டு. அவற்றை நெடுநாள் பயன்படுத்திய அனுபவம் எங்களுக்குக் குறைவு, அதனால் அதற்குமேல் சொல்வதற்கில்லை.

விதை வழியே வரும் சோயா தேமல் வைரஸ் என்றால் கதை தலைகீழ். அது ஆர்என்ஏ வைரஸ், அசுவினி பரப்புவது. நூற்றுக்கணக்கான நாற்றுகளைச் சலிக்க எலிசாவே ஏற்றது. விதைத்தோலில் கறை இருக்கிறதே என்று அந்த விதையைத் தொற்றுள்ளதாக எழுதிவிடக் கூடாது. கறையுள்ள விதை நலமான நாற்றையும், கறையில்லாத விதை நோயுற்ற நாற்றையும் தரக்கூடும். முளைக்கவிட்டு இலையைச் சோதிப்பதே முறை.