இத்தாலியை மெதுவாகச் சுற்றும் திட்டம்: கடலோரப் பாதி அருமை, மலைப் பாதியில் பஸ்ஸைக் காணோம்

தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சின்ன ஏஜென்சியிடம் இத்தாலிக்குத் திட்டம் போட்டு வாங்கினோம். இது டூர் இல்லை, கூட யாரும் வரமாட்டார்கள், கொடி பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிற ஆளும் கிடையாது. எந்த ஊரில் எத்தனை ராத்திரி, எந்த ரயில், எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று ஒரு பிடிஎஃப், அப்புறம் அங்கே போய் மாட்டிக்கொண்டால் கேட்பதற்கு ஒரு வாட்ஸ்அப் எண், அவ்வளவுதான் சேவை. குடும்பத்துக்கு ஒரே கட்டணம், மற்ற செலவெல்லாம் நம்முடையது. ஏஜென்சி பெயர் இங்கே வேண்டாம். கும்பகோணம், மாயவரம் பக்கம் நிறையப் பேர் இப்போது குரூப் டூர் வேண்டாம் என்று இந்த மாதிரி திட்டம்தான் தேடுகிறார்கள், யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

போனது நான், என் மனைவி, அண்ணன், அண்ணி, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணி வள்ளலார் வழி, முட்டைகூடத் தொடமாட்டார். அண்ணன் இன்னும் பயிர் வைக்கிறவர் என்பதால், தாளடி அறுத்து, உளுந்து பயறும் எடுத்து முடித்து, ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் திரும்ப வேண்டும் என்ற ஒரே இடைவெளிதான் அவருக்கு. அதனால் மே மாதம். கார் எடுக்கப்போவதில்லை என்பது உட்பட இதையெல்லாம் ஏஜென்சித் தம்பியிடம் முதல் நாளே சொல்லியிருந்தோம், எழுதியும் வைத்துக்கொண்டார். இந்த விவரம் முக்கியம், பின்னால் வரும்.

ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ், மிலான் என்று நாலு ஊரை ஒரு வாரத்தில் ஓட்டுகிற பேக்கேஜ்தான் எல்லோரும் தருவது. இவர் கொடுத்த திட்டத்தில் பெரிய ஊர் ஒன்றுகூட இல்லை, விமானம் இறங்குகிற ரோமைத் தவிர. முதல் பாதி லிகூரியா கடற்கரை, இரண்டாம் பாதி உள்நாட்டில் ஓர்வியேட்டோ பக்கத்து மலைக் கிராமங்கள். படித்தபோது அண்ணிக்குக் கொஞ்சம் ஏமாற்றம், "வெனிஸ் கூட இல்லையா" என்று கேட்டார். எனக்கு என்னவோ அங்கேதான் இந்த ஆள் மேல் நம்பிக்கை வந்தது.

கடலோரப் பாதியைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. சிங்க்வே தெர்ரே ஊர்களை இன்ஸ்டாகிராமில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாறை விளிம்பில் மஞ்சளும் ரோஸுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். மொந்தெரோஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து ஊர், 1997-லேயே யுனெஸ்கோ பட்டியலில் வந்துவிட்டது. இந்த ஐந்தில் எதிலும் எங்களைத் தங்கவைக்காமல், மொந்தெரோஸோவுக்கு அடுத்த ஸ்டேஷனான லெவாந்தோவில் தங்கவைத்தார் பாருங்கள், அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. லெவாந்தோ சமதளமான ஊர், அகலமான கடற்கரை, மருந்துக்கடை, காய்கறிக்கடை எல்லாம் நடக்கிற தூரம், வாடகையும் அந்த ஐந்து ஊரைவிடக் குறைவு. லெவாந்தோவுக்கும் லா ஸ்பெட்ஸியாவுக்கும் நடுவே ஓடுகிற ரயில் ஐந்து ஊரிலும் நிற்கிறது. நடைபாதைக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஒரே அட்டை வாங்கிக்கொண்டால் நாள் முழுக்க ஏறி இறங்கலாம்.

நேரம் போட்டுக் கொடுத்ததும் நன்றாக இருந்தது. லா ஸ்பெட்ஸியாவில் பெரிய சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கிற நாளில், காலை பத்து மணிக்கு மேல் வெர்னாட்ஸாவின் பிரதான தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். "எட்டு மணிக்குப் போங்க, பதினொன்றரைக்கு லெவாந்தோ திரும்புங்க, சாப்பிட்டுப் படுங்க, சாயங்காலம் அஞ்சரைக்கு வேற ஊர்" என்று எழுதியிருந்தார். மத்தியானம் தூங்கு என்று எழுதிக் கொடுத்த டூர் திட்டம் நான் வேறு பார்த்ததில்லை. அம்மாவுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கொர்னீலியா மட்டும் கடல் மட்டத்தில் இல்லை, மேட்டில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து சுமார் 380 படி. ஆனால் ஒரு மினி பஸ் மேலே போகும், அதுவும் அந்த அட்டையிலேயே சேர்த்தி என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார். ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் இடையே கடலை ஒட்டிய நடைபாதை ஒன்று உண்டு, 2012-ல் பாறை சரிந்து மூடி, 2024-ல்தான் முழுதாகத் திறந்தார்கள். அதற்குத் தனி டிக்கெட், நேரமும் முன்பதிவு செய்ய வேண்டும், அதை ஊரிலிருந்தே செய்து கொடுத்துவிட்டார். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத பாதை, ஏற்றம் இறக்கம் அதிகம் இல்லை, அம்மா கடைசிவரை நடந்தார். லெவாந்தோவிலிருந்து பொனசோலாவுக்குப் பழைய ரயில் பாதையைச் சைக்கிளுக்கும் நடைக்கும் மாற்றியிருக்கிறார்கள். குகைக்குள் சில்லென்று போய்க்கொண்டே இருந்தால் திடீரென்று பக்கத்தில் கடல் திறக்கும். அதுவும் தரைபோல் சமம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தக் கடற்கரை ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் இந்த மாதிரி திட்டம் போடத் தெரியாதவர்கள்.

அண்ணன் கடலைப் பார்த்ததைவிட மலையைப் பார்த்ததுதான் அதிகம். அந்தச் சரிவு முழுக்கத் திராட்சைக்காகக் கட்டிய படி வயல்கள். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய சுவர்கள். அறுவடை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் போட்ட ஒரு சின்ன வண்டி ஓடுகிறது, ஆள் ஒருவர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். நாங்கள் போனபோது ஒருவர் அதில் கூடைகளை ஏற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறினார், அண்ணன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. 2011 அக்டோபர் 25-ல் பெய்த மழையில் இந்தச் சரிவு சேறாக இறங்கி வெர்னாட்ஸாவும் மொந்தெரோஸோவும் மூழ்கின. பல வயல்களை விட்டுவிட்டு ஆட்கள் வேலைக்கு நகரத்துக்குப் போனதும், சுவரைப் பார்க்க ஆளில்லாமல் போனதும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆறு கடலில் சேரும் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, மலைக்கு வருவோம்.

லா ஸ்பெட்ஸியாவிலிருந்து ரயில் மாறி மாறி ஓர்வியேட்டோ. அதுவரை சிக்கல் இல்லை. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்று திட்டத்திலேயே இருந்தது. ஸ்டேஷன் கீழே, ஊர் பாறைத் தலையில், நடுவில் இழுவை ரயில். எல்லாம் சுகம். அடுத்த பக்கத்தில்தான் வந்தது வினை: "பண்ணை வீடு, ஓர்வியேட்டோவிலிருந்து 15 நிமிடம்." காரில் 15 நிமிடம்! கார் எடுக்கப்போவதில்லை, அண்ணனிடம் சர்வதேச லைசென்ஸ் கிடையாது என்று முதல் நாளே சொல்லி, அவரும் எழுதிக்கொண்டது நினைவிருக்கிறதா? கூகுள் மேப்பில் தூரத்தைப் பார்த்தவர் பஸ்ஸைப் பார்க்கவில்லை. அந்தச் சாலையில் பஸ் என்பது காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் டாக்ஸிக்கு ஆள் தேடி, போக வர யூரோவாகக் கொட்டியதை ரூபாயில் கணக்குப் போட வேண்டாம் என்று மனைவி சொன்னதால் போடவில்லை.

இதைவிட மோசம் சிவிட்டா தி பன்யோரேஜோ. அது ஒரு அதிசயமான ஊர். ரோமானியர்களுக்கு முந்தைய எத்ருஸ்கன் மக்கள் காலத்தது, 2,500 வருஷப் பழசு. மேலே எரிமலைக் கல், கீழே களிமண், இரண்டு பக்கமும் ஓடை அரித்து அரித்து ஊர் விளிம்பு இடிந்துகொண்டே வருகிறது. 1965-ல் கட்டிய ஒரு நடைப்பாலம்தான் வழி, வண்டி போகாது, நுழைய டிக்கெட் உண்டு, நிரந்தரமாக வசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இந்த ஊரை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தார். ஓர்வியேட்டோவிலிருந்து அங்கே போகிற பஸ் ஞாயிறு ஓடாது. ஸ்டாப்பில் நின்று அட்டவணையைப் படித்தால் மேலே ஃபெரியாலே என்று ஒரு வரி, அதாவது திங்கள் முதல் சனி வரை. இத்தாலியில் எந்த மலை பஸ் அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள், ஃபெஸ்திவோ என்று இருந்தால்தான் ஞாயிறும் விடுமுறை நாளும். மறுநாள் போனோம். பாலத்தின் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், அம்மா பாதியிலேயே நின்று, "நீங்க போயிட்டு வாங்கப்பா, இங்கேர்ந்தே நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். பாலம் எவ்வளவு ஏறும் என்று ஒரு வார்த்தை திட்டத்தில் இல்லை. கொர்னீலியாவின் படியை எண்ணிச் சொன்ன அதே ஆள்தான் இது. கடலோரத்துக்கு அவரே போய்ப் பார்த்திருக்கிறார், மலைப்பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஓர்வியேட்டோவில் ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் போடாமல் விட்டது நல்ல முடிவு. கிரேவே, பிரா, பொஸித்தானோ ஊர்களோடு சேர்ந்து 1999-ல் சித்தாஸ்லோ என்ற மெதுநகர் அமைப்பைத் தொடங்கியது இந்த ஊர்தான், 50,000 பேருக்கு மேல் இருக்கிற ஊரை உறுப்பினராகச் சேர்க்கமாட்டார்கள். அன்றைக்கு அண்ணனும் நானும் பொட்சோ தி சான் பத்ரித்ஸியோ கிணற்றில் இறங்கினோம். 1527-ல் ரோம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீர் வேண்டும் என்று வெட்டச் சொன்னது. சுமார் 53 மீட்டர் ஆழம், 248 படி. விஷயம் என்னவென்றால் இறங்க ஒரு சுழற்படி, ஏற இன்னொரு சுழற்படி, ஒன்றை ஒன்று தொடாமல் பின்னிக்கொண்டு போகிறது, அடியில் ஒரு சின்னப் பாலத்தில் மட்டும் சேர்கிறது. தண்ணீர் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சுவரில் நெடுக ஜன்னல் இருப்பதால் வெளிச்சம் கீழேவரை வருகிறது. ஏறி வந்த பிறகு அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "கழுதைக்குக்கூட ஒன்வே போட்டிருக்கான் பாரு" என்றார்.

பண்ணை வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நியாயமில்லை, ஏனென்றால் பஸ் இல்லை என்ற கோபத்தைப் பாதி தணித்தது அந்த வீடுதான். ஆலிவ் தோப்புக்கு நடுவே கல் வீடு, நடத்துவது ஒரு வயதான அம்மாள். ஒரு சாயங்காலம் உம்பிரிக்கெல்லி என்ற பாஸ்தா செய்ய மாவு பிசைந்தார். முட்டை இல்லை, வெறும் மாவும் தண்ணீரும், பிசைந்து நீளமாக வெட்டி, பலகையில் உள்ளங்கையால் ஒவ்வொன்றாக உருட்டுவது. எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்கக் கைமுறுக்கு சுற்றினவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மொழி தெரியாது இரண்டு பேருக்கும். அந்த அம்மாள் உருட்டினது கொஞ்சம் தடிமன், எங்கள் அம்மா உருட்டினது ஒரே சீர், அதை அந்த அம்மாள் தனியாக எடுத்து வைத்துத் தன் மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள், அது ஒன்றுதான் அம்மாவுக்குக் கடைசிவரை ஒப்பவில்லை.

சாப்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, சைவக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். திட்டத்தில் பல இடங்களில் "சைவம்" என்று பச்சைப் புள்ளி வைத்திருந்தார். பார்மிஜானோ சீஸைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால், பெக்கொரீனோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸுக்கும் பொதுவாக ஆட்டுக்குட்டியுடையது. லிகூரியாவின் பெஸ்தோ என்ற பச்சை இலைச் சட்னியிலும் இந்தச் சீஸ்தான் போகிறது. இதை அண்ணி தானே போனில் தேடிப் படித்துக் கண்டுபிடித்தார், அதற்குள் பெஸ்தோ சாப்பிட்டாயிற்று. அன்று ராத்திரி அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. முட்டை சேர்க்காதவர் என்று எழுதி வாங்கிக்கொண்ட ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு அண்ணிக்குக் கைகொடுத்தது ஃபரினாத்தா, கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு மட்டும் போட்டுப் பெரிய செம்புத் தட்டில் அடுப்புக்குள் விட்டு எடுப்பது, ஓரம் முறுகின நம்மூர் அடை மாதிரியேதான். அப்புறம் சீஸ் இல்லாத தக்காளி பீட்சா, மரினாரா என்று கேட்டால் கொடுப்பார்கள். மத்தியானம் இரண்டரைக்கு மேல் சமையலறை மூடிவிடும், ராத்திரி ஏழரை எட்டுக்குத்தான் திறக்கும், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ கொப்பெர்தோ என்று சேர்ந்திருக்கும், ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான காசு. தங்குமிடத்திலும் ஊர் வரி என்று ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் சேவைக்கு முழு மதிப்பெண். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே நமக்குச் சிக்கல் வருகிற ராத்திரி எட்டு மணி தஞ்சாவூரில் பதினொன்றரை. அந்த நேரத்திலும் தம்பி பதில் போட்டார். பஸ் விஷயத்தில் மட்டும் "சார், டாக்ஸி பார்த்துக்கலாமே" என்று முடித்துக்கொண்டார்.

மறுபடி வாங்குவேனா என்றால், கடலோரப் பாதியை அப்படியே வாங்குவேன். மலைப் பாதிக்குப் பண்ணை வீட்டை ஒரு ராத்திரியோடு நிறுத்தி, மற்ற நாளெல்லாம் ஓர்வியேட்டோ ஊருக்குள்ளேயே தங்கச் சொல்வேன், வண்டி ஓட்டாதவர்களுக்கு அதுதான் ஒரே வழி. அண்ணனுக்கு வேறு ஒரு குறை: டெல்டாக்காரர்களுக்குத் திட்டம் போட்டுவிட்டு அங்கே இருக்கிற டெல்டாவைக் காட்டவில்லையாம். போ ஆறு அத்ரியாட்டிக் கடலில் சேருகிற இடத்தில் நெல் விளைகிறது, வாய்க்காலுக்கு நடுவே கோமாக்கியோ என்று ஒரு பழைய ஊர், விலாங்கு மீனுக்குப் பேர்போனது. அடுத்த திட்டத்தில் அதைச் சேர்த்து விலை கேட்டிருக்கிறார். தேதி மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் அங்கே அரசு விடுமுறை, ரயில் பிதுங்கும், மலை பஸ் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் ஓடும், அல்லது ஓடவே ஓடாது.