மீன் கூடையும் மூன்று கோட்பாடுகளும்: ஆய்வேட்டுக்கு நான் எதை எடுத்தேன், ஏன்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் முடிந்து பெண்கள் வெளியே வரும்போது சரியாக விடிந்திருக்காது. அன்னக்கூடையில் சங்கரா, கானாங்கெளுத்தி, மத்தி. மேலே ஒரு நீலத் தார்ப்பாய்த் துண்டு. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஆனாலும் இவர்களில் பலர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடித்து, வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு நெல்லிக்குப்பம் பக்கமும் குறிஞ்சிப்பாடி பக்கமும் வியாபாரத்துக்குப் போகிறார்கள். காசில்லாமல் போக வழியிருக்கும்போது ஏன் காசு கொடுத்துப் போகிறார்கள்? என் முதுகலை சமூகவியல் ஆய்வேட்டின் கேள்வி இதுதான்.

கேள்வி கிடைத்ததும் நெறியாளர் கேட்ட முதல் விஷயம், எந்தக் கோட்பாட்டில் நின்று இதைப் பார்க்கப் போகிறாய் என்பது. அடுத்த ஆண்டு மாணவர்களும் இப்போது என்னிடம் அதையே கேட்கிறார்கள். செயற்பாட்டுக் கோட்பாடா, முரண்பாட்டுக் கோட்பாடா, குறியீட்டு ஊடாட்டக் கோட்பாடா? நான் மூன்றாவதை எடுத்தேன். எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, ஒரே ஒரு குறையைத் தவிர. அதையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செயற்பாட்டுக் கோட்பாடு. சமூகம் ஒரு உடம்பு, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை என்று போகும் இந்த வழி, துர்க்கைம், பார்சன்ஸ் என்ற சமூகவியலாளர்களுடையது. மீன் விற்கும் பெண்ணுக்கு இதைப் பொருத்தினால், கடற்கரையையும் உள்நாட்டு ஊர்களையும் அவர் இணைக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதலாம். தப்பில்லை. ஆனால் அவர் ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்பதற்கு அந்தப் பக்கத்தில் பதில் இருக்காது. இந்த வரிசையில் எனக்கு உதவியவர் மெர்ட்டன் ஒருவர்தான். ஒரு ஏற்பாட்டுக்கு வெளிப்படையாகச் சொல்லப்படும் பயன் ஒன்று, யாரும் திட்டமிடாமல் விளைவது இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். சில ஏற்பாடுகள் சிலருக்குக் கேடாகவும் முடியும் என்றார். இலவசப் பயணத்தால் பஸ்ஸில் பெண்கள் கூட்டம் கூடியது. கூட்டம் கூடியதால் கூடை வைக்க இடம் குறைந்தது. இதைக் கவனிக்க மெர்ட்டன் வேண்டியிருந்தார். அதற்கு மேல் அவரோடு போக முடியவில்லை.

வளமும் அதிகாரமும் யார் கையில் என்ற மோதலாகச் சமூகத்தைப் பார்க்கும் முரண்பாட்டுக் கோட்பாடு அப்படி ஒரு பத்தியில் ஒதுக்கக் கூடியதல்ல. ஆரம்பத்தில் நான் எடுக்க நினைத்ததே அதைத்தான். துறைமுகத்தில் ஒரு வாரம் நின்றாலே மார்க்ஸ் சொன்னது கண்ணில் படும். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவரிடமே பிடித்த மீனைக் கொடுத்தாக வேண்டும். பெரிய மீன் ஐஸ் பெட்டியில் ஏறி லாரியில் போய்விடும். மிச்சத்தில்தான் இந்தப் பெண்கள் ஏலம் கேட்கிறார்கள், அதுவும் கடன் வாங்கிய காசில். தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று எழுதிக் கையில் ஒன்பதாயிரம் வாங்கினேன், நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டுகிறேன் என்று ஒரு அக்கா விளக்கினார். 2003-இல் வந்த தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இருந்தும் சாயங்காலம் நோட்டோடு ஆள் வந்துவிடுகிறார்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இதையே வைத்து என் கேள்விக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. கடனில் இருப்பவர், ஒவ்வொரு ரூபாயும் முக்கியமானவர், காசில்லாத பஸ்ஸில்தானே முதலில் ஏற வேண்டும்? வர்க்கத்தை மட்டும் பார்த்தால் வரும் எதிர்பார்ப்பு அதுதான். நடப்பது வேறாக இருக்கிறது. சமூகவியலாளர் வெபரைக் கொண்டுவந்தால் பாதி வழி போகலாம். பொருளாதார நிலை வேறு, சமூக மதிப்பு வேறு, இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டியதில்லை என்று அவர் பிரித்தார். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணைவிட மீன்கார அக்கா கையில் அன்றைக்குக் கூடுதல் காசு புரளலாம், ஆனாலும் பஸ்ஸில் மூக்கைப் பொத்துவது முதலாமவர்தான் என்பது வெபரால் புரிகிறது. அந்த மதிப்புக்குறைவு பஸ் படிக்கட்டில் எப்படி நடத்திக் காட்டப்படுகிறது என்று பார்க்க வேறு கண்ணாடி வேண்டியிருந்தது.

அந்தக் கண்ணாடிதான் குறியீட்டு ஊடாட்டம். அமெரிக்கச் சிந்தனையாளர் மீட் போட்ட அடித்தளத்தின்மேல் சமூகவியலாளர் ப்ளூமர் 1937-இல் வைத்த பெயர் அது. ஒரு பொருளுக்கு மனிதர்கள் என்ன அர்த்தம் கொடுக்கிறார்களோ அதை வைத்தே அதனோடு பழகுகிறார்கள். அந்த அர்த்தம் பொருளுக்குள் இல்லை, பழக்கத்தில் உருவாகிறது. கேட்க எளிது. கூடையை வைத்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதே வஞ்சிரம் கடையில் வெள்ளைத் தட்டில் போனால் கௌரவம், பஸ்ஸில் அன்னக்கூடையில் போனால் நாற்றம்.

பாடப்புத்தகங்கள் இந்த வரிசையில் வைக்கும் காஃப்மன் 1963-இல் களங்கம் பற்றி எழுதியதுதான் எனக்குக் கடைசி வரை கூட வந்தது. களங்கத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார்: உடம்பில் தெரிவது, குணத்தில் ஏற்றப்படுவது, பிறப்பால் வழிவழியாக வருவது. அதைவிட எனக்குப் பயன்பட்டது இன்னொரு பிரிவு. சிலருடைய களங்கம் பார்த்த உடனே தெரிந்துவிடும், சிலருடையது தெரியவந்தால்தான் பிரச்சினை. முதல் வகையினர் எதிரில் இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிக்க வேண்டும். இரண்டாம் வகையினர் செய்தியைச் சமாளிக்க வேண்டும், யாருக்கு எதைத் தெரிய விடுவது என்று. மீன் விற்கும் பெண் காலையில் முதல் வகை. விற்று முடித்துத் திரும்பும்போது இரண்டாம் வகை. ஒரே ஆள், ஒரே நாள்.

இதைப் படித்த பிறகுதான் திரும்பும் வழியையும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு தெருக்குழாயடியில், வியாபாரம் முடிந்த ஆயா ஒருவர் கூடையைக் கழுவிக் கவிழ்த்தார். பையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை வரை தேய்த்தார். பிறகு வேறொரு புடவையை மாற்றிக்கொண்டு பழையதை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு முடிச்சுப் போட்டார். "இப்ப பஸ்ல போலாம் பாப்பா. இப்ப நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். காலையில் ஆட்டோ, மாலையில் பஸ். என் கேள்விக்குப் பாதி பதில் அந்தக் குழாயடியில் இருந்தது. அது கட்டணம் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று அங்கேதான் எனக்கு உறுதியானது.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மீன் தண்ணீர் சிந்தும், கூடை இடத்தை அடைக்கும், கண்டக்டர் மற்ற பயணிகளையும் பார்க்க வேண்டும். களங்கம் என்று பெரிய வார்த்தை எதற்கு? இதை நான் லேசாகத் தள்ளவில்லை, தண்ணீர் சிந்துவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மூடி போட்ட தெர்மோகோல் பெட்டியில் கொண்டுபோனவரோடும் ஒரு காலை பயணம் செய்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஏறும்போதே "கடைசிக்குப் போம்மா, கடைசிக்குப் போ" என்று குரல் வந்தது. கடைசி இருக்கை காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை, பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றே வந்தார். உட்காரச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். இறங்கிய பிறகு சொன்னார்: "ஒக்காந்தா பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போவாங்க. அத நான் பாக்கணும்."

கோட்பாட்டை முடிவு செய்ததில் எனக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது. எது ஆழமானது, எது புகழ்பெற்றது என்பதல்ல. நாளைக் காலை துறைமுகத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எது சொல்கிறது? சொன்னது தப்பாகப் போனால் அது எனக்குத் தெரியுமா? இந்த இரண்டுக்கும் விடை தராத கோட்பாடு ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடும். அங்கே ஒரு முறை மேற்கோள் காட்டிவிட்டு அப்புறம் மறந்தே போவோம். எனக்கு முந்திய பல ஆய்வேடுகளைப் புரட்டியபோது அதுதான் நடந்திருந்தது.

அந்த அளவுகோலுக்கு ஒரு சோதனை தானாகவே வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், ஆனால் வரத்து குறைந்துவிடும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும் என்பதால் அங்கிருந்து ஐஸில் வரும் மீனை வாங்கிச் சிலர் விற்பார்கள். கைமுதல் இல்லாத பலர் வீட்டில் இருப்பார்கள், அல்லது வேறு வேலைக்குப் போவார்கள். கடன் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆக வர்க்க நிலை முன்னைவிட மோசம். சாதி மாறவில்லை. அதே பெண், அதே பஸ். கூடை மட்டும் இல்லை. பஸ்ஸில் நடத்தப்படும் விதத்துக்குப் பொருளாதாரமே முழுக் காரணம் என்றால் இந்த 61 நாளில் நிலைமை மாறக் கூடாது, அல்லது இன்னும் கெட வேண்டும். கூடைக்கு ஏற்றிய அர்த்தமே காரணம் என்றால் மாற வேண்டும்.

மாறியது. தடைக்காலத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கட்டட வேலைக்குப் போனார். அதே வழித்தட பஸ்ஸில் முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விட்டார். கண்டக்டர் "எங்கம்மா எறங்கணும்?" என்று சாதாரணமாகக் கேட்டார். அந்த அக்காவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எல்லோருக்கும் அப்படி மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முப்பது வருடமாக ஒரே தெருவில் விற்கும் ஆயாவை அந்த வழியில் எல்லோருக்கும் முகம் தெரியும். கூடை இல்லாமல் ஏறினாலும் "என்ன ஆயா, இன்னைக்கு மீன் இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கித்தான் நின்றார்கள். தெரிந்துவிட்ட களங்கம், தெரியவரக்கூடிய களங்கம் என்ற பிரிவு இதையும் விளக்குகிறது. ஆனால் எதிரெதிரான இரண்டையும் ஒரே கோட்பாடு விளக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வருகிறது. நான் பேசியது 14 பேரோடு, பார்த்தது ஒரே ஒரு தடைக்காலம். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என் கையில் சரக்கு இல்லை.

சாதி விஷயத்திலும் காஃப்மன் போதவில்லை. பிறப்பால் வரும் களங்கம் என்று அவர் சொல்லும் இடத்தில் இனமும் நாடும் மதமும் இருக்கின்றன. நம் ஊரில் அந்த இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது, அது வேறு மாதிரி வேலை செய்கிறது. இங்கே நான் அம்பேத்கரிடம் போனேன். படிப்படியான சமத்துவமின்மை என்று அவர் சொன்னது, மேலே ஒரு கூட்டம் கீழே ஒரு கூட்டம் என்ற எளிய படம் அல்ல. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் தனக்குக் கீழே ஒரு படி காட்டப்படுகிறது. பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவர் பெரும்பாலும் பணக்காரர் அல்ல, அவரும் கூலிக்குப் போகிறவர்தான். இரண்டு பேரும் ஏன் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதற்கு நான் படித்தவற்றில் தெளிவான விடை அவரிடம்தான் இருந்தது. கடற்கரை ஊர்களில் தங்களுக்குள் தலைநிமிர்ந்து வாழும் பட்டினவர் என்ற மீனவ சமூகத்துப் பெண், ஊருக்குள் வந்ததும் பஸ்ஸின் கடைசிக்கு அனுப்பப்படுவதை எழுத அந்த இரண்டு கண்ணாடியும் சேர்ந்து வேண்டியிருந்தன.

வேறு பிரச்சினையை எடுப்பவர்களுக்கு என் தேர்வு பொருந்தாமல் போகலாம். சிப்காட் தொழிற்சாலைகளும் உப்பனாறும் உங்கள் தலைப்பு என்றால் முரண்பாட்டுக் கோட்பாட்டை விட்டு விலகாதீர்கள். அங்கே யாருக்கு லாபம், யார் மூச்சில் புகை என்பதுதான் முதல் கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து நிவாரணத்தைப் பங்கிட்ட விதத்தை எடுத்தால் துர்க்கைம் சொன்ன ஒருமைப்பாடு, அதாவது ஒரு சமூகத்தைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்பு, நன்றாகவே ஓடும். புதுச்சேரியின் தற்கொலை விகிதம் பல ஆண்டுகள் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்திருக்கிறது. அதை எடுப்பவரும் 1897-இல் துர்க்கைம் வைத்த கேள்வியிலிருந்து தொடங்கலாம்: தனி ஆளின் காரணங்களை விடுங்கள், ஒரு ஊரின் விகிதம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு அதே உயரத்தில் நிற்கிறது? எனக்கு இவற்றில் களத்தில் நின்ற அனுபவம் இல்லை, படித்த வரையில் சொல்கிறேன்.

முன்னால் சொன்ன அந்த ஒரு குறை இதுதான். எழுதிய அத்தியாயத்தை ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று அக்காக்களுக்கு வாசித்துக் காட்டினேன். எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் சிரித்தார்கள், ஜன்னலோர இருக்கை வந்த இடத்தில் அமைதியானார்கள். முடித்ததும் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி பாப்பா. வட்டியப் பத்தி ரெண்டு வரிதான எழுதியிருக்க?" பஸ்ஸுக்குள் நடப்பதைக் காட்டிய என் கோட்பாடு, அவர் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே பாதி வருமானம் எங்கே போகிறது என்பதைக் காட்டவில்லை. அவர் சொன்னது சரி. மார்க்ஸை நான் ஒதுக்கியிருக்கக் கூடாது, அடுத்த அத்தியாயத்துக்கு வைத்திருக்க வேண்டும்.

வருகிற ஏப்ரல் 15-க்கு முன்னால் மறுபடி துறைமுகத்துக்குப் போகிறேன். தண்டல் நோட்டில் நாள்வாரியாக இருப்பதை எழுதிக்கொள்ள அந்த அக்கா சம்மதித்திருக்கிறார். பெயர் மட்டும் போடக் கூடாது என்றார்.