ஒரே பாத்திரமா, பல பாத்திரங்களா?

இணையவழிப் பாத்திர விளையாட்டுகளில் ஆர்வம் குன்றாமலிருக்க ஒரே பாத்திரத்தை வளர்ப்பதா, அலுக்கும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவதா என்பதற்கு விடை பெரும்பாலும் விளையாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

2004-இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு பாத்திரத்துக்கு ஒரே வகைதான் என்பதால், மந்திரவாதியாக ஆடியவர் போர்வீரராக விரும்பினால் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தொடக்க நிலைகள் விரைவாகக் கடக்கும். அடுத்தடுத்துப் புதிய திறனோ ஆயுதமோ கிடைக்கும். வேகம் குறையும் நடுக்கட்டத்தில் மனம் அடுத்த பாத்திரத்தைத் தேடுகிறது. பாதியில் நின்றவை நுழைவுத் திரையில் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். விளையாட்டுக்குள் உள்ள விடுதியில் விட்டுவந்த பாத்திரத்துக்கு, அதை ஆடாத நேரத்தில் ‘ஓய்வு அனுபவம்’ என்ற சலுகை சேர்ந்து, பின்னர் வீழ்த்தும் எதிரிகளுக்கு இருமடங்கு அனுபவப் புள்ளிகள் கிடைப்பதும் (தாராளமான ஏற்பாடுதான்) மாறிமாறி ஆடவே தூண்டுகிறது.

2013-இல் புத்துருப் பெற்ற ஃபைனல் ஃபேண்டஸி 14-இல் ஆயுதத்தை மாற்றினாலே தொழில் மாறிவிடுகிறது. கதையில் கடந்த தூரம் வீணாவதில்லை. கவனம் எளிதில் சிதறுபவருக்கு இதையே பரிந்துரைப்பேன். மீன்பிடிக்கப் போய் முதன்மைக் கதையை வாரக்கணக்கில் மறப்பவர்கள் இங்கும் உண்டு. என்றாலும் அவர்கள் ஈட்டியது அதே பாத்திரத்திலேயே தங்குகிறது.