சுவர்க்கோழிக்கு முழு மதிப்பெண், ஆனால் வாங்காதீர்கள்

பெங்களூர் மடிவாளாவில் இருக்கும் நண்பர் புதிதாக லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி ஒன்று வாங்கியிருக்கிறார். "இரைக்குக் கிரிக்கெட்டா, மீல்வார்மா? ஒரே வரியில சொல்லு மச்சி" என்றார். மீல்வார்ம் என்பது தவிட்டில் வளரும் ஒரு வண்டின் புழு. இத்தனை வருஷமாக மாற்றி மாற்றி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டவனுக்கு ஒரு வரி போதாது.

இந்தப் பல்லி காய், கீரை எதையும் தொடாது, பூச்சி மட்டும்தான். இரை அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது, கால்சியம் பொடியில் புரட்டித்தான் போட வேண்டும். இதெல்லாம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததே.

கடைகளில் கிரிக்கெட் என்று விற்கும் சுவர்க்கோழியைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மீல்வார்மைத் தட்டில் வைத்தால் எங்கள் வீட்டுப் பல்லி அம்மணி வருவாள், குனிவாள், எடுப்பாள், போய்விடுவாள். சுவர்க்கோழியை விட்டால் கதையே வேறு. தலை தாழும். முன்கால் ஒவ்வொன்றாக நகரும். உடம்பு அசையாமல் நிற்க, வால் நுனி மட்டும் தனியாகத் துடிக்கும். அப்புறம் ஒரே பாய்ச்சல். இதைப் பார்க்கத்தானே பல்லி வளர்க்கிறோம்! கொழுப்பும் குறைவு. போடுவதற்கு முந்தின நாள் அதற்குக் கேரட்டும் முருங்கைக்கீரையும் கொடுத்தால், அந்தச் சத்து அப்படியே பல்லிக்குப் போய்ச் சேரும். இரை என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே!

கத்துவது சிறகு முளைத்த ஆண் மட்டும்தான், முன்சிறகுகளை உரசி உரசி. அதனால் ஒவ்வொரு தடவையும் "சிறகு வராத சைஸ் அனுப்புங்க" என்று விற்பவரிடம் கெஞ்சுவேன். பார்சலைப் பிரித்தால் பாதி செத்திருக்கும், மீதியில் நாலைந்து சிறகோடு நிற்கும். பக்கத்தில் போனால் அடங்கிவிடும், படுத்தால் ஆரம்பிக்கும். பெங்களூரின் டிசம்பர் குளிரில் கொஞ்சம் சுணங்கும். ஏப்ரலில் சூடு ஏற ஏறக் கச்சேரி வேகம் பிடிக்கும். அவை ஒளிந்திருக்கும் முட்டை அட்டையைத் தட்டி எடுக்கும்போது ஒன்றாவது துள்ளி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும். ஒருமுறை கீழ்வீட்டு ஆன்ட்டி தன் வீட்டில்தான் பூச்சி புகுந்துவிட்டது என்று மருந்தடிக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் பல்லிக்கும் ஆபத்து. தப்பிப்போன எதுவும் மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குள் வராமல் பார்த்துக்கொள்வதே அந்த மாதம் பெரும்பாடாகிவிட்டது. தின்னாமல் மிச்சம் வைத்தால் தூங்குகிற பல்லியையே கடிக்கும் என்பதால் ராத்திரி டார்ச் அடித்து வேறு தேட வேண்டும். டப்பாவில் லேசாக ஈரம் தங்கினால் அம்மோனியா நாற்றம், அடுத்த நாள் கூட்டமாகச் சாவு.

பக்கத்திலேயே ராமநகர பட்டுக்கூடு மார்க்கெட் இருக்கிற ஊரில் பட்டுப்புழுவை விடுவானேன் என்றும் தோன்றியது. மெத்தென்று இருக்கும், நீர்ச்சத்து அதிகம், கொழுப்பு குறைவு. மனைவியின் மாமா கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார்.

"ஒரு கைப்பிடி புழு வேணும் மாமா."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"பல்லிக்கு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கொடுத்தார், மல்பெரி இலையும் ஒரு கட்டு கொடுத்தார். பல்லி ஆசையாகத்தான் தின்றது. ஆனால் கடைசித் தோலுரிப்பு முடிந்ததும் புழு மளமளவென்று விரலளவுக்குப் பெருத்துவிடுகிறது, அப்புறம் பல்லி வாய்க்கு அடங்காது. மல்பெரி இலைக்கு நகரத்தில் நான் எங்கே போக? மாமாவிடம் மறுபடி கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக் கம்போஸ்ட் தொட்டியில் தானாக வரும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுவில் கால்சியம் தாராளம், பொடிகூட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் என் வீட்டுக் குப்பையில் என்னென்ன விழுகிறது என்று எனக்குத் தெரியும், அதைத் தின்று வளர்ந்ததை நான் கொடுக்க மாட்டேன். சூப்பர்வார்ம் என்ற பெரிய வண்டுப்புழு கொழுப்பு மூட்டை, எப்போதாவது போதும். பழக்கிவிட்டால் பல்லி வேறு எதையும் சீண்டாது.

ஆக, மீல்வார்ம் வாங்கு மச்சி. தோல் கொஞ்சம் தடிமன், பல்லிக்கும் சுவாரசியம் குறைவு, எனக்கும்தான். ஆனால் வாயைத் திறக்காது. கோதுமைத் தவிட்டில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, ஃபிரிட்ஜ் கதவில் வை. குளிரில் கூட்டுப்புழுவாக மாறுவது தள்ளிப்போகும். வாரம் ஒருநாள் வெளியே எடுத்து ஒரு கேரட் துண்டு போட்டால் போதும். புதிதாகத் தோலுரித்து வெள்ளையாகக் கிடப்பது கண்ணில் பட்டால் அதை முதலில் கொடு, மெல்லச் சுலபம். சூப்பர்வார்மை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதே, செத்துப்போகும். டப்பா மேல் கொட்டை எழுத்தில் பெயரை எழுதி ஒட்டிவிடு, இல்லையென்றால் யாராவது தவிடு என்று எடுத்துவிடுவார்கள்.